சர்வரை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவருக்கு

செனாய்ச் சரக்கு முகவர் அலுவலகத்தின் செம்மலே! இருபத்தேழு ஆண்டுகள் இன்முகம் மாறாத இனியவரே! கடவுச்சொல்லை மறந்து கைபிசைந்து நின்ற பத்துப் பேருக்கும் கைகொடுத்த கணினிக் காவலரே! எங்கள் அன்பிற்கும் அவ்வப்போது அச்சத்திற்கும் உரிய ஐயா திரு. சோமசேகரம் அவர்களே, வணக்கம்.

தங்கள் அருங்குணங்களை அடுக்கத் தொடங்கினால் தாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள் என்பதை அறிவோம். ஆகவே ஒரே ஒரு செய்தியை மட்டும் அவையோருக்குச் சொல்கிறோம். அது முடியும்வரை தங்களை எதிரில் வைத்துக்கொண்டே 'அவர்' என்று பேசுவதைப் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு எங்கள் பழைய சர்வர் உழைத்து ஓய்ந்துவிட்டது. மின்னஞ்சல், நாட்காட்டி, முகவரிகள், சரக்குக் கோப்புகள் எல்லாவற்றையும் அலுவலகமே ஒன்றாகப் பகிர்ந்துகொள்ளப் புதிய மென்பொருள் தேவைப்பட்டது. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் இடம்தரும் திறந்த மூல மென்பொருளாகவே அது இருக்க வேண்டும் என்பதில் அவர் உடும்புப்பிடியாக இருந்தார். மூன்றைத் தேடிப் பிடித்து, வாரத்துக்கு ஒன்றாக எங்கள் தலையில் கட்டினார். முதலாவது எங்கள் சின்னச் சர்வரில் மூச்சு வாங்கியது, அதைக் கழித்துவிட்டார். இரண்டாவது ஒரு குறையும் வைக்காமல் ஓடியது. ஆனால் அதை ஆள வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டத் தெரிய வேண்டும். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூன்றாவது கொஞ்சம் மந்தம். பொம்மைக் கடை மாதிரி இருக்கிறது என்று அவர் அதைத் திட்டினார். ஆனாலும் எல்லா வேலைக்கும் அதில் பொத்தான்கள் இருந்தன.

எங்கள் இயக்குநர் திரு. ரூபேந்திரனுக்கு ஐயமே இல்லை. "ரெண்டாவதையே போடுங்க லா, சார். உங்கள விட்டா அத யாரு பாப்பாங்க? ரிட்டயர் ஆனாலும் கான்ட்ரேக்ல இன்னும் ரெண்டு வருஷம் இருந்துடுங்க," என்றார்.

அதைக் கேட்ட அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஓய்வு பெற வேண்டிய அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைநாளின் பிற்பகல் வீட்டில் எப்படி இருக்கும் என்றே அறியாத மனிதர். இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்; இதை அவரே பிறகு எங்களிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காத குணம் அவரை விடவில்லை. முடிவு சொல்ல ஒரு வாரம் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது மென்பொருளை மறுபடி ஏற்றினார். காலை ஒன்பது மணிக்கு யாரிடமும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டு, எதிரிலுள்ள தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தார். அலுவலகம் அப்படியே நின்றுபோயிற்று. விமான நிலையத்தில் எங்கள் லாரி பத்திரங்களுக்காகக் காத்துக்கிடந்தது. அரை மணி நேரத்தில் அவருக்கு ஏழு அழைப்புகள் போயின. அவர் திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்தே நின்றுவிட்டோம். அந்த வரவேற்பு தமக்குப் பிடித்திருந்ததாகவும், பிடித்துப்போனதே தம்மை உறுத்தியதாகவும் சொன்னார்.

வியாழக்கிழமை மூன்றாவதற்கு அதே சோதனை வைத்தார். கைப்பேசியை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். இரண்டு கோப்பை தே தாரிக் உள்ளே போயின. பத்தரை ஆகியும் அழைப்பு வரவில்லை. உண்மையிலேயே நிறுத்தினேனா என்ற சந்தேகத்தோடு எழுந்து வந்தார். ஆவணப் பிரிவின் திருமதி பிரேமலா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "சார், காலைல சர்வர் படுத்துக்கிச்சு. எழுப்பி விட்டுட்டேன். நீங்க சாப்டாச்சா?"

"ஆச்சும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் இருக்கையில் அமர்ந்தார். மாலைக்குள் மூன்றாவதைப் பரிந்துரைத்து அறிக்கை எழுதினார். கான்ட்ரேக் எனும் ஒப்பந்த வேலை வேண்டாம் என்பதையும் அதன் கடைசி வரியில் சேர்த்தார். இன்றைய பிரியாவிடை விழாவே அந்த அறிக்கையால்தான் நடக்கிறது.

ஐயா, இனித் தங்களிடமே பேசுகிறோம். தாங்கள் அறியாதது ஒன்று உண்டு. அன்று சர்வரை எழுப்பப் போன பிரேமலா, அதை நிறுத்தியவரின் பெயரைத் திரையில் பார்த்துவிட்டார். 'சோமசேகரம், காலை 9.04' என்றிருந்தது. எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். இயக்குநர் தங்களிடம் கேட்டது எங்கள் காதுக்கும் எட்டியிருந்ததால், தாங்கள் எதைச் சோதிக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை, உடனே வாருங்கள் என்று ஒரு பொய் போதும். இன்னும் இரண்டாண்டு தாங்கள் எங்களுடன் இருந்திருப்பீர்கள். எங்களில் ஒருவரான காளியப்பன் தொலைபேசியைக் கையில் எடுத்தே விட்டார். ஆனால் இருபத்தேழு ஆண்டுகளில் தாங்கள் எங்களிடம் ஒரு பொய் சொன்னதில்லை. காளியப்பன் தொலைபேசியைக் கீழே வைத்தார். தங்களை அனுப்ப மனமில்லை; ஆனாலும், ஐயா, அந்தப் பொத்தானை அழுத்தினோம்.

தங்கள் துணைவியார் திலகம் அம்மையாரோடு நோய்நொடி அண்டாமல் நூறாண்டு நிறைவாக வாழ வாழ்த்துகிறோம். சர்வர் நன்றாக இருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் வாருங்கள்.

தங்கள் அன்பை மறவாத
பத்துப் பேர்
செனாய், ஜொகூர்