சத்தம் வராத மவுஸ்

மவுஸ் வேலை செய்யவில்லை என்று யார் கூப்பிட்டாலும், முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். வயர் இல்லாத மவுஸின் அடியில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது அது தள்ளப்பட்டு அணைந்துவிடும். பாதிப் பேர் அதைப் போட்டுவிட்டு, அசடு வழியச் சிரித்து போனை வைத்துவிடுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பேட்டரியை மாற்றச் சொல்வேன், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் ரிசீவரைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகச் சொல்வேன். அப்புறம்தான் நேரில் போவது. போனதும் மவுஸை என் கையில் வாங்கிப் பார்ப்பேன். என் கையில் ஓடினால் கோளாறு மவுஸில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. அதை முகத்தில் அடித்த மாதிரி சொல்லக் கூடாது. நான் சொன்னதில்லை.

ஐயா கேட்பது என் மனைவியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

மூளையில் ரத்தம் கசிந்து விழுந்த பிறகு, அவளுக்கு வலது கை ஆள்காட்டி விரல் மட்டும்தான் மிஞ்சியது. பேச்சு போய்விட்டது. கண்ணை மூடித் திறந்தால் ஆமாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். வாய் ஓயாமல் பேசினவள். வீடு அப்படி அமைதியானதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு விரலுக்கு நானே ஒரு வழி செய்தேன். திரையில் எழுத்துகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் ஒரு மஞ்சள் கட்டம் மெதுவாக நகரும்படி வைத்தேன். வேண்டிய எழுத்துக்குக் கட்டம் வரும்போது மவுஸை அழுத்தினால் அந்த எழுத்து விழும். சின்னச் சத்தம் கேட்டாலும் அவளுக்கு உடம்பு தூக்கிப்போடும் என்பதால், சத்தம் வராத மவுஸாகத் தேடி வாங்கினேன். விரல் நுனியில் உணர்ச்சி கிடையாது. அழுத்தினோமா இல்லையா என்பதையே திரையைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள்.

அவள் முதன்முதலில் எழுதியது "உப்பு". நான் ஊட்டியதில் உப்பு இல்லையாம். மறுநாள் பாதிக் காலையைச் செலவழித்து, "உப்பு போட்டா சொத்து கரைஞ்சிடுமா" என்று எழுதினாள். நான் சிரித்துச் சிரித்து, கடைசியில் அழுதுவிட்டேன்.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என் கடையை மூடிவிட்டேன். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் நான்தான். ஒரு படுக்கைப்புண் வரவிடவில்லை. தங்கமான மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். காதில் விழும்போது நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் அவள் வெகுநேரம் எழுதினாள். "நீங்க தூங்கியே நாளாச்சு. அக்கா வந்தா நான் அவ கூட போறேன். சொல்லிடுங்க."

"ஏம்மா, நான் என்ன குறை வச்சேன்?" என்று கேட்டேன்.

"குறை இல்ல. நீங்க தூங்கணும்."

விட்டுப் போக நினைக்கிறவர்கள் இப்படித்தான் ஏதாவது நல்லதாக ஒரு சாக்கு சொல்வார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் போய்விட்டால் காலையில் யாருக்காக எழுந்திருப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வெளியூரிலிருந்து வந்தார். அவர் வருவதற்கு முன்னால், வழக்கம்போல என் மனைவியின் கையைத் துடைத்து மவுஸின் மேல் எடுத்து வைத்தேன். வைக்கும்போது அடியில் இருந்த சுவிட்சைத் தள்ளினேன். திட்டம் எதுவும் இல்லை. அந்த ஒரு நாள் கடந்தால் போதும் என்று இருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுதுடி, பாக்கலாம்." கட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு எழுத்தும் விழவில்லை.

"தம்பி, மவுஸ் கெட்டுப்போச்சா?"

நான் பேட்டரியை மாற்றினேன். ரிசீவரை வேறு பக்கம் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு என் மனைவி முயற்சி செய்தாள்.

"தெருமுனையில கடை இருக்கே, நான் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துடறேன்," என்று அக்கா பையை எடுத்தார்.

அதனால்தான் அதைச் செய்ய வேண்டியதாயிற்று. மவுஸை என் கையில் எடுத்தேன். கட்டைவிரலால் சுவிட்சைப் போட்டேன். அழுத்தினேன். திரையில் ஒரு எழுத்து விழுந்தது. மறுபடி அணைத்து, அவள் கைக்கு அடியில் வைத்தேன்.

"மவுஸ் நல்லாத்தான் இருக்கு, அக்கா," என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி அந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். விரல் அழுத்தியது, ஐயா. மிகச் சின்ன அசைவு, பழகிய என் கண்ணுக்குத்தான் தெரியும். நன்றாகவே அழுத்தியது. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு விரலும் போயிடுச்சாடி?" என்று அவர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். என் மனைவியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. நான்தான் துடைத்தேன். புறப்படும்போது அக்கா கேட்டார், "தம்பி உன்னை நல்லா பாத்துக்கறாரா?" அவள் கண்ணை மூடித் திறந்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூட வருகிறாயா என்று கேட்க அக்காவுக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல பெயர் எனக்கு.

மறுநாள் சுவிட்சைப் போட்டுவிடத்தான் நினைத்தேன். போட்டால் அவள் முதலில் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியும். மனசு மாறட்டும் என்று காத்திருந்தேன். தினமும் காலையில் அவள் முயற்சி செய்தாள். "அவசரம் இல்லம்மா, நாளைக்குப் பாக்கலாம்," என்று சொல்லி நெற்றியைத் தடவிக்கொடுப்பேன். அவள் மேல் அத்தனை பிரியமாக நான் என்றைக்குமே இருந்ததில்லை.

பிறகு முயற்சி செய்வதை விட்டுவிட்டாள். கண் கூரையை விட்டு இறங்கவில்லை. சுவிட்சைப் போட்டு, அவள் கையை எடுத்து வைத்து, "ஒரே ஒரு தடவை அழுத்தும்மா, சரியாயிடுச்சு," என்று கெஞ்சினேன். திரைப் பக்கம் அவள் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. விரல் அதற்குள் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

அக்கா அடுத்த முறை, கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா விரலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லாத்தான் இருக்கு. இவங்களே விட்டுட்ட மாதிரி இருக்கு," என்றார். அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். நேராகக் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், என் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்றே அவளை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். உங்களிடம் புகாரும் கொடுத்துவிட்டார். அவர் கோபம் நியாயம்தான், நான் ஒன்றும் மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளை ஒருமுறை பார்க்க மட்டும் விடச் சொல்லுங்கள். அவளுக்கு என்மேல் கோபம் கிடையாது, ஐயா. இருந்திருந்தால் இத்தனை நாளில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாள்.