தலைவருக்குச் சேர வேண்டிய பங்கு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் மைத்துனன் கோ மியிண்டுக்கு நடந்தது.

இரவு ஒன்றரை மணி. பர்மாவில், பொன் அரிக்கும் பட்டறையிலிருந்து ஐராவதி ஆற்றங்கரைக்கு இறங்கும் செம்மண் சாலை... ஒரு நாய்கூட இல்லை. விளக்கை அணைத்துக்கொண்டு ஒரு வண்டி மட்டும் வந்தது. அதில் பாதரசக் கழிவு நிரம்பிய பீப்பாய்கள். பக்கத்தில் பட்டறை முதலாளி ஊ சான் வின். ஆற்றுப் பாதுகாப்புக் குழுவின் தலைவரும் அந்தப் புண்ணியவான்தான். 'டால்பின் நம் உறவு' என்று படித்துறையில் அவர் படத்தோடு பலகை உண்டு. பல் தெரியச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கே ஆறு கறுத்திருக்கும்.

மீனவன் கோ மியிண்ட் படகோடு காத்திருந்தான். காலையில் வெளியூர்க்காரர்கள் டால்பின் பார்க்க வருகிறார்கள். ஒரு டால்பினாவது வராவிட்டால் படகின் அனுமதியைத் தலைவர் பிடுங்கிவிடுவார். கழிவு கொட்ட வர மறுத்தாலும் பிடுங்கிவிடுவார். அவன் வீட்டில் அடுப்பெரிவது அந்தப் படகால்தான்.

பீப்பாய்களைப் படகில் ஏற்றிப் போய் நடு ஆற்றில் கவிழ்த்தார்கள். களக்... களக்... நெடி மூக்கைப் பிய்த்தது.

"இதை ஊத்துனா எப்படி வரும் தலைவரே? போன மாசந்தான் கடைசி டால்பினும் செத்து மிதந்துச்சு."

"ஒரு மீனு செத்ததுக்கு ஒப்பாரியா? தட்டுற மாதிரி தட்டுனா வரும். குடு அந்தக் கட்டைய."

அந்த ஆற்று வழக்கம் அது: மீனவன் படகு விளிம்பில் கட்டையால் தட்டுவான். டால்பின் வந்து மீன்களை வளைத்து ஓட்டி, வாலால் இடம் காட்டும். அங்கே வலை வீசுவான். வலைக்குத் தப்பியது அதன் பங்கு. காலங்காலமாக அப்படித்தான்.

தலைவர் தட்டினார். டக்... டக்... டக். "வாடா மாப்ளே" என்று நக்கல் வேறு.

பதில் வந்தது. டக்... டக்... டக்.

படகுக்கு அடியிலிருந்து.

கோ மியிண்ட் துடுப்பைத் தூக்கிவிட்டான். படகு தானாக நகர்ந்தது. இடமிருந்து ஒரு தள்ளு... வலமிருந்து ஒரு தள்ளு. மீனை வளைப்பது போலவே. 'ப்பூஸ்' என்று மூச்சு. அழுகல் வாடை. ஒரு வால் எழுந்து இடம் காட்டியது... தலைவர் உட்கார்ந்திருந்த இடத்தை. மேலே இருட்டில் சரசரவென வலை விரியும் சத்தம்.

டார்ச்சை அடித்தபோது தலைவர் இல்லை. கோ மியிண்ட் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.

விடிந்ததும் கிடைத்தார், அவர் பலகைக்குக் கீழேயே. உயிர் இருந்தது, பேச்சில்லை. உடம்பு முழுக்க வலைக்கண் தடம்.

வெளியூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். "எங்கப்பா டால்பின்?" என்று நச்சரித்தார்கள். கோ மியிண்ட் அவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், கட்டையால் தட்டினான். டக்... டக்... டக்.

டால்பின் வரவில்லை. கரையில் கிடந்த தலைவர் எழுந்தார். லுங்கியோடு ஆற்றில் இறங்கி மூழ்கினார். படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். 'ப்பூஸ்' என்று மூச்சு விட்டார். காலை உயர்த்தி இடம் காட்டினார்.

கோ மியிண்ட் அங்கே வலை வீசினான். வந்தது கறுப்புச் சேறு.

தலைவர் படகோரம் வந்து வாயைத் திறந்தார். பங்குக்கு.

கோ மியிண்ட் ஒரு கை சேற்றை அள்ளிப் போட்டான். விழுங்கினார்.

மறுபடியும் வாயைத் திறந்தார்.