குறுக்குத் தழை

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டப் பிடிக்காது. இலுப்பூரில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு அரை மைல்தான். நடந்தே போய்விடுவேன். மழை பெய்தால் குடை இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஐயா, இதை நான் இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். "மழைக்காலத்தில் மலைக்கு ஏன் போனீர்கள்?" என்று நீங்கள் கேட்டீர்கள். வண்டி ஓட்டுவதில் ஆசை என்றேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். நான் சயன்ஸ் வாத்தியார் என்று தெரிந்ததும் நாற்காலி போடச் சொன்னீர்கள். எங்களை மலைக்குக் கூட்டிப் போன சூசைராஜ் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் சட்டையிலிருந்தும்தான்.

இப்போது அவர் ஜெயிலில் இருக்கிறார். அடுத்த மாதம் அவருடைய அப்பீல் விசாரணைக்கு வருகிறது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அந்த வண்டி எனக்கு வந்த சீர். 1962 ஆவணியில் குளத்தூர் மீனம்மாளை எனக்கு நிச்சயம் செய்தார்கள். பெண் வீட்டார் ஒரு புல்லட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கல்யாணம் தை மாதம் என்று முடிவானது. மீனம்மாளின் அண்ணன் நல்லதம்பிக்கு என் வயது, இருபத்தேழு. நெல் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அவரிடம் ஒரு பழைய பி.எஸ்.ஏ. இருந்தது. அதை அவர் ஓட்டுவதைப் பார்த்தால் ஓட்டுவது சுலபம் என்று தோன்றும்.

"ஐப்பசியில சூசைராஜு மலைக்குக் கூட்டிட்டுப் போறாரு. நீங்களும் வாங்க மாப்ளே. எங்கப்பா வாங்கிக் குடுத்த குதிரை சும்மா கட்டிக் கெடக்கு" என்றார்.

மாப்பிள்ளையாகப் போகிறவன் அதற்கு என்ன சொல்ல முடியும்? வாரேன் என்றேன்.

சூசைராஜ் புதுக்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். யுத்தத்தின்போது பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். வருடா வருடம் ஐப்பசியில் மூன்று நான்கு பேரைக் கொடைக்கானல் பக்கம் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். "நம்மூரு ஆளுக தண்ணி மேலேருந்து விழுகுறதப் பாத்ததில்ல சார். அதுக்காகவே வருவாங்க" என்றார். எட்டு வருடத்தில் ஒருவருக்கும் காயம் பட்டதில்லை.

அவரிடம் ஒரு முறை இருந்தது. இந்த வழக்கே அதைப் பற்றியதுதான் என்பதால் சரியாகச் சொல்கிறேன். அவர் இரண்டு பர்லாங் முன்னால் போவார். வழியில் சந்தேகமான இடம் வந்தால் பக்கத்து மரத்தில் கிளை ஒடித்து ரோட்டில் போட்டுவிட்டுப் போவார்.

"ஒரு கிளை கெடந்தா பாதை சரி. நுனி காட்டுற பக்கம் வாங்க. ரெண்டு கிளை குறுக்கால கெடந்தா நின்னுருங்க. எறங்கி நடந்து வந்து பாத்துட்டுத்தான் வண்டியத் தள்ளணும். கிளைய எடுக்குறது கடேசி ஆளு மட்டும். மத்தவுக தொடக் கூடாது. பழைய தழைய நம்பி பட்டாளத்துல ஒரு லாரி போயிருச்சு சார்."

சூசைராஜுக்குப் பின்னால் வெள்ளைச்சாமி. புதுக்கோட்டையில் கடை வைத்திருப்பவர், சாட்சி சொன்னாரே அவர். மூன்றாவது நான். கடைசியில் நல்லதம்பி. ஒற்றைக் கிளையை அவர் வண்டியை நிறுத்தாமலே எடுப்பார். இடது பக்கம் சாய்ந்து குனிந்து, ஒரு கையால் அள்ளி ஓரத்தில் வீசிவிட்டு விசில் அடிப்பார். வழி நெடுக நான் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்.

அடுத்த பகுதியைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் மாலை, மலை ஏறும்போது, ஒரு வளைவில் அருவி ரோட்டைக் கடந்து ஓடியது. ஆழம் முழங்காலுக்குக் கீழேதான். முன்னால் போன இருவரும் கடந்து போய்விட்டிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். கால் வேலை செய்யவில்லை. பக்கத்தில் ஒரு மைல்கல் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அழுதேன். சத்தமாகவே அழுதேன்.

நல்லதம்பி வந்தார். முதலில் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்தார்.

"மாப்ளே, கல்ல விடுங்க. இது கெவர்மெண்டு கல்லு. ஊருக்குத் தூக்கிட்டுப் போனா கேசு போட்டுருவான்."

என்னால் விட முடியவில்லை. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குழந்தைக்குச் சொல்வதுபோல, "ஒண்ணு… ரெண்டு… இந்தா, மூணு" என்று எண்ணிக்கொண்டே பிரித்தார். என்னைப் பின்னால் உட்காரவைத்து அக்கரையில் கொண்டுபோய் விட்டார். நடந்து திரும்பி வந்து என் வண்டியையும் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார்.

தனித் தாள் இத்துடன் முடிகிறது.

அன்று இரவு ஒரு எஸ்டேட்டின் காப்பிக்கொட்டைக் கொட்டகையில் தங்கினோம். சூசைராஜ் சோறு பொங்கினார்.

"ரெண்டு பேரும் அம்புட்டு நேரம் எங்க நின்னீங்க?" என்று வெள்ளைச்சாமி கேட்டார்.

"மாப்ளே வழியில ஒருத்தரப் பாத்துட்டாரு. கட்டிப் புடிச்சவரு விடவே மாட்டேன்னுட்டாரு."

"யாருப்பா அது?"

"வெள்ளையா, குட்டையா இருப்பாரு. வாயே தெறக்க மாட்டாரு. கல்லு மனசு."

மற்ற இருவருக்கும் புரியவில்லை. இருந்தாலும் சிரித்தார்கள். நல்லதம்பி தட்டில் தாளம் போட்டுப் பாடினார்:

"மைலுக் கல்லக் கட்டிக்கிட்டு
மாலை மாத்த வந்தாராம்…"

"இத எங்க அழகம்மா அத்தைகிட்டக் குடுத்தாப் போதும், நலுங்குக்குள்ள நாப்பது அடிக்கு நீட்டிப்புடும்" என்றார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நலுங்கில் மாப்பிள்ளையைக் கேலி செய்து பெண் வீட்டார் பாடுவது எங்கள் பக்கம் வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் குளத்தூரில் பிச்சைமுத்து என்று ஒருவர் இருக்கிறார். தன் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் தூங்கிப்போனவர். இருபத்தைந்து வருடம் முன்பு அதைப் பாட்டாகப் பாடினார்கள். இன்றும் அவர் தெருவில் போனால் பிள்ளைகள் குறட்டை விட்டுக் காட்டும். அவருடைய மகன் என் வகுப்பில் படித்தான். அவனையும் குறட்டை விட்டுத்தான் கேலி செய்தார்கள். நாளைக்கு நான் வகுப்பில் நின்று நியூட்டன் விதி சொல்லும்போது பின் பெஞ்சில் ஒருவன் கையை வளைத்துக் கல்லைக் கட்டிக்கொள்வான். அன்று இரவு எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. சொல்ல வேண்டாம் என்று நல்லதம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்கும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை எஸ்டேட் ரோட்டில் இறங்கினோம். மழை விடவில்லை. நல்லதம்பி புறப்படும்போது மீனம்மாளுக்காக ஒரு சீப்பு மலைப்பழத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க போங்க மாப்ளே, கல்லு கில்லு பாத்தா நின்னுராதீங்க" என்றார்.

ஒரு மைல் தாண்டி ஒரு வளைவு வந்தது. வளைவுக்கு அறுபது கஜம் முன்னால் கமலா ஆரஞ்சு மரத்தின் இரண்டு கிளைகள் குறுக்காகக் கிடந்தன. நின்றேன். இறங்கினேன். நடந்து போய்ப் பார்த்தேன். வளைவு முடிகிற இடத்தில், இடது பக்கம், ரோட்டில் பாதி இல்லை. இரவு மண் சரிந்து போயிருந்தது. வளைவைத் தாண்டும் வரை அது கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் சூசைராஜும் வெள்ளைச்சாமியும் வண்டியை நிறுத்திவிட்டு பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வண்டியிடம் வந்தேன். மேலே, தூரத்தில், நல்லதம்பி வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஒரு கிளையை எடுத்துப் பள்ளத்தில் போட்டேன்.

பிறகு வண்டியை மலையோரமாகத் தள்ளிக்கொண்டு போய் அவர்களோடு நின்றேன்.

"நல்லதம்பி எங்க சார்?" என்றார் சூசைராஜ்.

"வருகிறார்."

இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. திரும்பி நடந்து போய் அந்தக் கிளையை எடுத்துவிட அது போதும். எடுக்கலாம் என்றும் நினைத்தேன். வண்டிச் சத்தம் வந்தது. அது குறையவில்லை என்பது சூசைராஜுக்கு எனக்கு முன்னால் புரிந்தது. கையை ஆட்டிக் கத்திக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன். நான் ஓடியதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அறுபது அடிக்குக் கீழே பாறையில் கிடந்தார். உயிர் இல்லை. இடது கையில் ஆரஞ்சுக் கிளை இருந்தது.

சூசைராஜ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், மேல எத்தன கிளை கெடந்துச்சு?"

"ஒன்று."

"ஒண்ணா?"

"ஒன்றுதான்."



கோர்ட்டிலும் அதையே சொன்னேன். ஒற்றைக் கிளையைப் பார்த்தும் நீங்கள் ஏன் இறங்கினீர்கள் என்று வக்கீல் கேட்டார். பயந்து இறங்கினேன் என்று சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். தண்ணீர் ஓடும் சத்தம் மாறியதைக் கவனித்தேன், விஞ்ஞானம் படித்தவன் என்பதால், என்றேன். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். வெள்ளைச்சாமி, "சூசைராஜு தழைய ஒடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போனதப் பாத்தேனுங்க. எப்படி வச்சாருன்னு பாக்கலீங்க" என்றார்.

சூசைராஜைக் கேட்டார்கள். அவர் கூண்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"குறுக்கால ரெண்டு வச்சதாத்தான் ஞாபகமுங்க. ஆனா ரெண்டு கெடந்திருந்தா நல்லதம்பி நின்னுருப்பாரு. கையில கிளை இருந்துச்சு. வாத்தியாரு ஒடையப்பன் சாரும் ஒண்ணுதான்னு சொல்றாரு. அவரு படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாருங்க. நாந்தான் தப்பா வச்சுருப்பேன்."

ஒன்றரை வருடம் தண்டனை கொடுத்தார்கள்.

கல்யாணம் தையில் நடக்கவில்லை. மறு வருடம் ஆவணியில் திருவரங்குளம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். துக்க வீடு என்பதால் மேளம் இல்லை, நலுங்கு இல்லை. அழகம்மாள் அத்தை ஒரு தூணில் சாய்ந்து அழுதுகொண்டே இருந்தார். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நானும் மீனம்மாளும் அதே கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழைத் தூறல். கண்மாய்க் கரை வழுக்கியது. நான் தயங்கி நின்றேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிட்டு ஒரு மைல்கல்லு இருக்கு. வேணும்னாப் புடிச்சுக்குங்க."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அண்ணன் மலையில எஸ்டேட்டுலேருந்து கார்டு போட்டுருந்துச்சு. அண்ணன் செத்து மூணு நாக் கழிச்சு வந்துச்சு. படிச்சுட்டுச் சிரிச்சேன், பெறகு அழுதேன்."

"வேறு என்ன எழுதியிருந்தார்?"

"மாப்ளே பயந்தாங்கொள்ளி, ஆனாத் தங்கமான மனுசன், பாட்டுப் பாடுவேன்னு சும்மா மெரட்டிக்கிட்டு இருக்கேன், நீ யாருகிட்டயும் சொல்லிப்புடாதேன்னு எழுதியிருந்துச்சு. நானும் சொல்லல. ஒங்ககிட்டக் கூட." பிறகு என் கையைப் பிடித்து, அந்தச் சறுக்கலைத் தாண்டவைத்தாள். விரல்களை அவளும் ஒவ்வொன்றாகத்தான் பிடித்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து எழுதுகிறேன். மேலே ஒரு இடத்தில் முழுவதையும் சொல்லவில்லை. ஒரு கிளையை எடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். மற்றதைத் தொடாமல் விட்டதுபோல நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். நானும் இரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றதையும் எடுத்தேன். அதை வளைவுக்குள் கொண்டுபோனேன். நுனி கீழ்நோக்கி இருக்கும்படி இடது ஓரத்தில் நேராக வைத்தேன். பள்ளத்துக்கு நாற்பது அடி முன்னால். மணிக்கு இருபது மைல் என்றால் வினாடிக்கு இருபத்தொன்பது அடி. குனிந்து எடுத்து நிமிர ஒன்றரை வினாடி ஆகும். அந்த நேரம் கண் ரோட்டில் இருக்காது. இந்தக் கணக்கை நான் எட்டாம் வகுப்புக்கு எடுக்கிறேன். அங்கே நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நல்லதம்பியைக் கொன்றது நான். சூசைராஜ் இரண்டு கிளைகளைக் குறுக்காகத்தான் வைத்தார். சரியாக வைத்தார் என்பதை அவருக்கும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தனித் தாள் ஒன்று வைத்திருக்கிறேன் அல்லவா, அது இல்லாமலே மற்றது புரியும். கோர்ட்டில் வாசிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுங்கள். குளத்தூர்க்காரர்கள் எல்லோரும் வந்திருப்பார்கள்.