உப்பு விழுவதற்குள்

ராத்திரி பதினொன்றரை மணி. ஏப்ரல் மாதம்தான்… ஆனால் நம் சதுப்புக்காட்டில் வசந்தம் என்பதெல்லாம் காலண்டரோடு சரி, குளிர் விட்டிருக்காது. சாலை ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி போகிறது. ஒரு வளைவு இல்லை. ஒரு விளக்கு இல்லை.

அந்தச் சாலையில் ஆர்வோ தனியாக வந்துகொண்டிருந்தான். பின்னால் டிரெய்லரில், தார்ப்பாய் மூடிய ஒரு கார்.

அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள். நெருங்கி உட்காருங்கள். ரூடி இந்த வருஷம் நம்மோடு மான் வேட்டைக் குடிலுக்கு வரவில்லை, அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். ஆர்வோ அவனுடைய அக்கா தெல்மாவைக் கட்டியவன். நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்பது உங்கள் பாடு.

கார் என்றேன் இல்லையா… அது ஒரு மரியாதைக்கு. அறுபத்தொன்பதில் டிட்ராய்டில் பிறந்த எட்டு சிலிண்டர் மிருகம். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு பனியில் எழுந்து போய்விடுவீர்கள். ஒரு காலத்தில் அதை முடுக்கினால் மூன்றாவது தெருவில் கோழி பயந்து முட்டை போடுமாம். இப்போது துருவைத் துரு பிடித்துக்கொண்டு நின்றது. கொசு உட்கார்ந்தால் கால் உள்ளே போய்விடும். நான் பக்கத்தில் நின்று தும்மினேன், பின் மட்கார்டு விழுந்துவிட்டது. சத்தியம்!

விற்ற கிழவன் விலையே பேசவில்லை. "இருட்டறதுக்குள்ள கொண்டுபோயிடு" என்றான், திரும்பத் திரும்ப. ஆனால் மண்ணில் புதைந்த சக்கரங்களைப் பிடுங்கவே இருட்டிவிட்டது.

பாதி வழியில் ஆர்வோவுக்கு ஒரு சத்தம் கேட்டது. கிரீச்… சீட்டு ஸ்பிரிங். நெடுந்தூரம் உட்கார்ந்தவர் கொஞ்சம் புரண்டு உட்காருவாரே, அந்தச் சத்தம். நிறுத்தினான். தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடித்தான். ஒன்றுமில்லை. ஈரக் கம்பளி வாசனை மட்டும்… யாரோ மழையில் நனைந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்த மாதிரி.

ஆர்வோ தார்ப்பாயை மூடிவிட்டு வண்டியை எடுத்தான். வேறு வழி? இந்தக் கார் அவனுக்கு வேண்டும். கல்யாணமான புதிதில் அவர்களிடம் இதே கார் இருந்தது. சுரங்கத்தை மூடி ஆர்வோவுக்கு வேலை போனபோது விற்றுவிட்டார்கள். இப்போது தெல்மாவுக்கு நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய், இழுத்துக்கொண்டு நடக்க ஆக்சிஜன் சிலிண்டர். அடுத்த வசந்தத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் ஆர்வோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தெல்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த மாதிரி கார்ல, கண்ணாடிய இறக்கிவிட்டு, ஏரி வரைக்கும் ஒரு தடவ. போதும்."

நம் ஊர்க் கணக்கு உங்களுக்குத் தெரியும். முதல் பனி விழுந்ததும், அதைக் கரைக்கச் சாலையெல்லாம் உப்பு தூவிக்கொண்டு லாரி வரும். உப்பு தகரத்தை அரித்துத் தின்னும்; அது விழுந்த சாலையில் அப்படிப்பட்ட வண்டியை எவனும் இறக்கமாட்டான், வசந்த மழை கழுவிவிடும்வரை. வசந்தமோ தெல்மாவுக்கு இல்லை. ஆக, முதல் உப்புக்குள் முடிக்க வேண்டும்.

ஆர்வோ வீட்டுக் கராஜிலேயே படுத்துக் கிடந்தான். ரூடி ஒத்தாசைக்கு வந்தான். தரைத் தகரம் முழுவதையும் அறுத்தெறிந்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து, சாம்பல் நிற ப்ரைமரும் பூசினார்கள். மறுநாள் காலை பார்த்தால்… முன் சீட்டில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில், கால் வைக்கும் இடத்தில் மட்டும் துரு. இரண்டு பாத வடிவம். விரல்கள்கூடத் தெரிந்தன.

"மச்சான், ஈரக் காலோட ஏறிட்டீங்களா?"

"நான் ஏறலடா மாப்ளே."

"அப்ப அக்காவா?"

கராஜ் வாசலில் சிலிண்டரோடு நின்ற தெல்மா எட்டிப் பார்த்தாள். "எங் காலு எந்தக் காலத்துலடா இவ்ளோ சின்னதா இருந்துச்சு? ஆர்வோ, யாரடா ஏத்திக்கிட்டு வந்த? பரவால்ல, இருக்கட்டும். காப்பி போடத் தெரியுமான்னு கேளு!" சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நெடுநேரம் ஆனது.

அறுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். மறுபடி பாதம். ஓட்டுபவர் பக்கத்தில் ஒரு புள்ளி துரு கிடையாது. கடைசியில் ஆர்வோ அதன் மேல் கார்ப்பெட்டை விரித்து மூடிவிட்டான்.

அக்டோபர் முடியப்போகிறது. வார இறுதியில் பனி என்று ரேடியோ சொல்லிவிட்டது. பாக்கி இருந்தது கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகரப் பெட்டி. அதுதான் காரின் இடுப்பு. அதை அறுக்குமுன் கதவு வாயில் இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இது நம் ஊரில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவசரம் இருக்கிறதே… ஆர்வோ முட்டுக் கொடுக்காமல் அறுத்தான்.

ணங்…

நடுவில் உடம்பே தொய்ந்துவிட்டது. பக்கத்து சீட்டுக் கதவு மேலே விரல் நுழைய வாய் பிளந்தது, கீழே இடித்தது. சாத்த முடியவில்லை.

ரூடி வந்து பார்த்தான். "மச்சான்… முட்டுக் கொடுக்காமயா?"

ஆர்வோ தோளால் கதவை முட்டித் தள்ளினான்.

"எல்லாத்தையும் பிரிச்சு முதல்லேர்ந்து செய்யணும். வசந்தம் ஆயிடும்."

"வாய மூடுடா."

ரூடி போய்விட்டான். ஆர்வோ எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்தான். ஜாக்கி வைத்தான், சங்கிலி போட்டு இழுத்தான், உதைத்தான். கடைசியில் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு அழுதான். "யாராவது… இந்தக் கதவ மட்டும் மூடிக் குடுங்களேன். என்ன வேணும்னாலும் எடுத்துக்குங்க."

யாரிடம் கேட்டான்? கராஜில் வேறு யாரும் இல்லை.

சீட்டு ஸ்பிரிங் ஒருமுறை கிரீச் என்றது.

காலையில் கதவு மூடியிருந்தது. சும்மா மூடவில்லை… சுற்றிலும் ஒரே அளவு இடுக்கு, டிட்ராய்டில்கூட அப்படிப் பொருந்தியிருக்காது. ஆர்வோ தெருவில் ஓடி ரூடியைக் கட்டிப்பிடித்தான். "நான் வரவே இல்ல மச்சான்" என்றான் ரூடி. யார் கேட்கிறார்கள்? சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது. தகரப் பெட்டியைப் பற்றவைத்தான், பேட்டரியை மாட்டினான். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து ஜன்னலெல்லாம் கைதட்டியது.

சாயங்காலம் முதல் பனித்துகள்கள் இறங்கின. உப்பு லாரி கிளம்பியிருக்கும். இப்போது விட்டால் இல்லை.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு தெல்மா வந்தாள். பக்கத்து சீட்டுக் கதவருகே நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். யாரையோ அடையாளம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினாள்.

"இங்கதான் ஆள் உக்காந்திருக்காளே. நான் ஓட்டறேன்."

"தெல்மா… விளையாடாத."

"எத்தன வருசமா நீயே ஓட்டற? தள்ளு."

சமையலறைக்குப் போக வழியில் இரண்டு முறை உட்காருகிறவள் சுற்றி நடந்துபோய் ஓட்டுபவர் சீட்டில் ஏறினாள். ஆர்வோவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சரி, கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்று சிலிண்டரை எடுக்கத் திரும்பினான். அது வாசலில் நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தால், சிவப்பு விளக்கு இரண்டும் தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தன.

மூக்குக் குழாய் சிலிண்டரிலிருந்து தொங்கியது.

ரூடியின் பிக்கப் வண்டியில் துரத்தினார்கள். முக்குச் சாலையில் உப்பு லாரிக்காரன் நின்றான்.

"ஆமா, போச்சு. ரெண்டு பொம்பளைங்க. ஓட்டினவ சிரிச்சுக்கிட்டே கையாட்டினா. என்னா வண்டிப்பா!" பிறகு குரலைத் தாழ்த்தினான். "பக்கத்துல இருந்தது மட்டும்… என்னையே பாத்துக்கிட்டுப் போச்சு. தல மொத்தமா பின்னாடி திரும்பிடுச்சு."

ஏரிக்கரையில் சாலை முடிகிற இடத்தில் கார் நின்றது. விளக்கு எரிந்தது, இன்ஜின் ஓடவில்லை. சுற்றிலும் பனி, துணி விரித்தாற்போல… ஒரு கால்தடம் இல்லை. கண்ணாடிகள் இறுக மூடியிருந்தன. ஷெரிப் ஆபீசிலிருந்து வந்த இளம் போலீஸ்காரன் கதவை இழுத்தான், அசையவில்லை. டார்ச்சை உள்ளே அடித்தான். சீட்டுகள் காலி. வெளிச்சத்தைக் கதவு விளிம்போடு நகர்த்தினான்… மெதுவாக… அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டு கதவையும் சுற்றி, இடைவெளி விடாமல், வெல்டிங் அடித்திருந்தது. உள்பக்கமாக.

அவன் லத்தியை ஓங்கினான் கண்ணாடியை உடைக்க. ஆர்வோ பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் தம்பி… குளிர் அடிக்கும். அவ நெஞ்சுக்கு ஆகாது."

ஆர்வோவின் கண் போன பக்கம் ரூடியும் பார்த்தான். முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது, மூச்சு விடும் நிதானத்தில்…

இரண்டு இடத்தில்.