கேட்ட கல்லு

ரோடு வராத காலம். கரிசக்காட்டுக்குள்ள வண்டித்தடம் மட்டுந்தான். அப்போ இந்தச் செங்குழிப்பட்டியில மாசானம்னு ஒருத்தர் இருந்தாராம். தாய் வயித்துல இருந்து தலை வராம, கால் முதல்ல வந்து பெறந்தவரு. அப்படிக் கால் பெறந்தவுக மிதிச்சா குறுக்குப் பிடிப்பு, அதான் இடுப்புப் பிடிப்பு, விட்டுப்போகும்னு சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. சுத்துப்பட்டுல இருந்து வண்டி கட்டி வருவாக. ஊருணிக்கரையில குப்புறப் படுப்பாக. மாசானம் எடது காலால மிதிப்பாராம். பாதிப் பேரு எந்திரிச்சு நடந்தே வீட்டுக்குப் போவாகளாம். அதுல மனுசனுக்கு அம்புட்டுப் பெருமை.

அவருக்கு ஒரு அக்கா, இருளாயி. உள்ளூர்லயே கட்டிக்கொடுத்திருந்தாக. கல்லுக்கிடங்குல சல்லி சுமக்குற வேலை. அவளுக்குக் குறுக்குல வலி வந்துச்சு. வந்த வலி போகல. மழை போச்சு, வெயில் போச்சு, வலி போகல. "ஒரு காயம் உண்டா, வீக்கம் உண்டா? சுமைக்குப் பயந்து நடிக்கா"ன்னாளாம் மாமியாக்காரி. மாசானம் மிதிச்சாரு, வலி கேக்கல. அடுத்த அமாவாசைக்கும் மிதிச்சாரு, கேக்கல. "சொந்த அக்காளுக்கே கேக்கலையாம்ல"ன்னு ஊரு முணுமுணுத்துச்சு. அது அவரை முள்ளாக் குத்துச்சு.

மறுபடியும் படுக்கச் சொன்னப்ப இருளாயி கெஞ்சினாளாம். "தம்பி, இது பிடிப்பு இல்லய்யா. வலது காலு மரத்துப்போகுது. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்கு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாக. பேசாமப் படு அக்கா."

படுத்தா. சுத்தி நின்னு ஊரு பாக்குது. மாசானம் ரெண்டு காலையும் ஏத்தி, பாரம் மொத்தத்தையும் எறக்கி மிதிச்சாராம். உள்ள என்னமோ நொறுங்குச்சு. இருளாயி கத்தல. "தம்பி, என் காலு எங்க இருக்கு?"ன்னு மட்டும் கேட்டாளாம்.

பெறகு அவ எந்திரிக்கவே இல்ல. மாசானம் தன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாரு. பொரட்டிப் படுக்க வச்சாரு, மணலை வறுத்து ஒத்தடம் கொடுத்தாரு. வலி எங்க ஆரம்பிக்குது, எங்க எறங்குது, எப்படிப் படுத்தா அடங்குதுன்னு பக்கத்துல உக்காந்து கேட்டாராம். அவளும் சொன்னாளாம். சொல்லி முடிச்சுட்டு, "இதை அன்னைக்கே கேட்டிருக்கலாம்லய்யா"ன்னாளாம். படுக்கைப்புண்ணு வச்சு, மறு கோடையில போயிட்டா.

அப்புறமும் சனங்க வந்தாக. "ஒரு மிதி மிதிங்க சாமி"ன்னு கால்ல விழுந்தாக. மாசானம் மிதிக்கல. உக்கார வச்சுக் கேப்பாராம். கால் மரக்குதா? ஒண்ணுக்கு வர்றது தெரியுதா? கால் மரக்குதுன்னு சொன்னவுகளை வண்டியேத்தி டவுன் ஆசுபத்திரிக்கு அனுப்பிருவாராம். மத்தவுககிட்ட, "படுத்தே கெடக்காத, மெல்ல நட, சுமையைப் பாதியாக்கு"ன்னுவாராம். சிலருக்குக் கொறஞ்சுச்சு. சிலருக்குக் கடைசி வரைக்கும் தீரல. தீராதவுகளும் வந்து, சொல்லிட்டுப் போனாக.

அக்கா அன்னைக்கு மிதி வாங்கப் படுத்த எடத்துல அவரு நட்ட கல்லுதான் ஊருணிக்கரையில நிக்கிது. இன்னைக்கும் இந்த ஊர்ல ஒருத்தருக்குக் குறுக்கு வலின்னா, வீட்டு ஆளு அவுகளோட அங்க போயி உக்காரணும். வலிக்காரவுக சொல்லி முடிக்கிற வரைக்கும் கூட வந்தவுக வாயைத் தொறக்கக் கூடாது. வைத்தியமெல்லாம் அதுக்குப் பெறகுதான். அதனாலதான் அது கேட்ட கல்லு. ஆடு மேய்க்கிறவன்கூட அது மேல கால் வைக்க மாட்டான்.