மூன்று நாள் ரிப்போர்ட்டுகளும் நான் கழற்றிய ஹார்டு டிஸ்க்கும்

வாக்குமூலம் கொடுப்பவர்: தாட்சாயிணி, வயது 43, கணவர் பெயர் ஹேமநாதன், கதவு எண் 17, இரண்டாவது குறுக்குத் தெரு, திருமுல்லைவாயில். தொழில்: கணினி சர்வீஸ். நாள்: 05.04.2026, காலை 10.30 மணி.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பதினோரு வருடங்களாகக் கணினி சர்வீஸ் கடை நடத்தி வருகிறேன். மேனாம்பேட்டில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் பக்தவத்சலம் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது: லேப் கணினியிலிருந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எடுத்துச் சென்றது நான்தான். எதற்காகக் கழற்றினேன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதுபவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடந்த மார்ச் 28-ஆம் தேதி சனிக்கிழமை பக்தவத்சலம் கூப்பிட்டதன் பேரில் லேபுக்குப் போனேன். கணினியில் இருந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்பதால் புதியதைப் போட்டுத் தரச் சொன்னார். ரிப்போர்ட் அடிக்கும் சாஃப்ட்வேர் பன்னிரண்டு வருடப் பழையது, அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை, புதிய சிஸ்டத்தில் ஒத்துப்போகுமா என்று சொல்ல முடியாது என்றேன். எப்படியாவது ஓட வைக்கச் சொன்னார். அதன் பிறகு புதிய சிஸ்டத்தைப் போட்டு, பழைய சாஃப்ட்வேரைப் பழைய சிஸ்டத்தில் ஓடுவது போலவே ஓடும்படி செட் செய்து, அன்று ரத்தம் கொடுத்த ஆறு பேருடைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்ததால் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு நேற்று 4-ஆம் தேதி காலை பதினோரு மணியளவில், ரிப்போர்ட்டின் ஓரம் வெட்டுப்படுகிறது என்று லேப் டெக்னீஷியன் சௌம்யா போன் செய்ததால் மறுபடியும் போனேன். நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆவடி டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸில் இருக்கும் தசரதன் என்பவர் 2-ஆம் தேதி வாங்கிய ரிப்போர்ட்டோடு உள்ளே வந்தார். உதடு வெளுத்திருந்தது. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். "பதினஞ்சு வருஷமா சுகர் வச்சிருக்கேன்மா, எனக்கு தொண்ணூத்தாறுன்னு போட்டிருக்கீங்க. சந்தோஷத்துல ரெண்டு நாளா மாத்திரையே போடல. இன்னைக்கு ஃபேக்டரி வாசல்லயே விழுந்துட்டேன்" என்றார்.

பரிசோதனை இயந்திரம் தானாக அடித்துத் தரும் சின்னச் சீட்டுகளை சௌம்யா பெயர், போன் எண், முகவரியோடு நாள்வாரியாக நோட்டில் ஒட்டி வைப்பது வழக்கம். அதில் தசரதனுடைய சர்க்கரை 287 என்று இருந்தது. கணினி அடித்த ரிப்போர்ட்டில் 96. அதன் பிறகு நானும் சௌம்யாவும் உட்கார்ந்து சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில், ஏப்ரல் 1, 2, 3 ஆகிய மூன்று நாட்களில் ரத்தம் கொடுத்த 61 பேருடைய அளவுகளும் தவறாக இருந்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. நாம் தேதியில் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். புதிய சிஸ்டம் மாதத்தை முதலில் வைத்துக்கொண்டது. பழைய சாஃப்ட்வேர் தேதியையும் வரிசை எண்ணையும் வைத்துத்தான் அளவைத் தேடும். அதனால் அது ஏப்ரல் 3 என்பதை மார்ச் 4 என்று படித்து, மார்ச் 4-ஆம் தேதி ஏழாவதாக ரத்தம் கொடுத்தவருடைய அளவை எடுத்து, ஏப்ரல் 3-ஆம் தேதி ஏழாவதாகக் கொடுத்தவருடைய பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டது. நான் சோதித்த அன்று தேதி 28. இருபத்தெட்டாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அன்று சரியாக வந்தது. பன்னிரண்டுக்கு உட்பட்ட ஒரு தேதியை வைத்து நான் சோதித்திருக்க வேண்டும், சோதிக்கவில்லை. அது என் தப்பு. இதை யாரும் கேட்காமலே சொல்கிறேன்.

தேதி முறையை உடனே மாற்றிச் சரிசெய்த பிறகு, பக்தவத்சலத்தை அழைத்து எல்லாவற்றையும் காட்டி, 61 பேருக்கும் போன் செய்ய வேண்டும் என்று சொன்னேன். அன்று நான்காம் மாதம் நான்காம் தேதி என்பதால் காலையில் அடித்த ரிப்போர்ட்டுகள் தாமாகவே சரியாக வந்திருந்தன. அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, இன்னிக்கு கரெக்டா தானே வந்துகீது? போன மூணு நாளு போனதுதான், வுட்டுடு. ஊர்பூரா போன் பண்ணா அப்பால எவன் இங்க வருவான்?" என்றார்.

"சார், மாத்திரைய நிறுத்திட்டு ஒருத்தர் இங்கயே உக்காந்துகினு இருக்காரு" என்றேன்.

"உன் வேல பொட்டியோட முடிஞ்சிது. அத்த மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று நாள் பதிவுகளைக் கணினியிலிருந்து அழிக்கும்படி சௌம்யாவிடம் சொன்னார். சௌம்யா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார். பக்தவத்சலம் தானே உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். நான் சுவிட்சை அணைத்து, பெட்டியைத் திறந்து, அவர் கண்ணெதிரிலேயே ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். "திருடின்னு போலீஸ்ல சொல்வேன்" என்றார். "இப்பவே போய்ச் சொல்லுங்க சார்" என்றேன். அப்போது மணி ஒன்றேகால்.

அதன் பிறகு சௌம்யா வேலையை விட்டுவிட்டு நோட்டுடன் என் கடைக்கு வந்தார். இருவரும் இரண்டு போன்களில் மதியச் சாப்பாடு இல்லாமல் பேசி 58 பேருக்குத் தகவல் சொன்னோம். சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டியவர்களிடம் நான் என் பெயரையும் கடை முகவரியையும் சொன்னேன். போனில் கிடைக்காத இரண்டு பேரில் ஒருவர் அண்ணனூர் ரயில் பணிமனையில் கான்ட்ராக்டில் பெட்டி கழுவும் நாகம்மா. ரிப்போர்ட்டில் அவருடைய ஹீமோகுளோபின் 12.1. இயந்திரச் சீட்டில் 4.9. அதைப் பார்த்த சௌம்யா, "அக்கா, இவங்க நடமாடவே கூடாது" என்றார்.

மாலை நான்கு மணிக்கு ஆட்டோவில் அண்ணனூர் போய் விசாரித்ததில், நாகம்மா வேலைக்கு வந்திருப்பது தெரிந்தது. பணிமனைக்கு வெளியே உள்ள நடைமேம்பாலப் படியில் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், "ரத்தம் நல்லா கீதுன்னு தானே மேடம் எழுதிக் குடுத்தீங்க? மூச்சு வாங்குதுன்னு சொன்னா, சூப்பர்வைசரு அந்தச் சீட்டப் பாத்துட்டு நடிக்கிறேன்றாரு" என்றார். அவர் கண்ணின் கீழிமை காகிதம் போல இருந்தது. அவரை அதே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, முதல் பாட்டில் ரத்தம் ஏறத் தொடங்கும் வரை அங்கேயே இருந்தேன். இன்று காலை போய்ப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானே காவல் நிலையத்துக்கு வந்து, ஹார்டு டிஸ்க்கையும் சௌம்யாவின் நோட்டையும் ஒப்படைத்தேன். டிஸ்க்கில் ஓர் எழுத்தும் அழிக்கப்படவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாக பக்தவத்சலம் இன்று காலை போனில் சொன்னார். 61 பேரிடமும் மன்னிப்புக் கேட்க நான் தயார், நேற்று அதைத்தான் செய்தேன். அவரிடம் கேட்க மாட்டேன். இதே நிலைமை நாளை வந்தாலும் கழற்றுவேன்.

தசரதன் தானே வந்தார், நாகம்மா கிடைத்துவிட்டார். 61-ஆவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. பெயர் வெங்கட், வயது 52, 1-ஆம் தேதி பதினொன்றாவதாக ரத்தம் கொடுத்தவர். உண்மையான சர்க்கரை அளவு 418, அவர் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் 101. நோட்டில் அவருடைய போன் எண்ணில் ஒன்பது இலக்கங்களே இருக்கின்றன. முகவரி என்ற இடத்தில் "பூந்தமல்லி" என்று மட்டும் இருக்கிறது. என்னை விசாரித்து முடித்துவிட்டதால், இனி அவரைத் தேடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். "திருடிச் சென்றேன்" என்று ஓரிடத்தில் இருந்ததை அடிக்கச் சொல்லி, "கழற்றி எடுத்துச் சென்றேன்" என்று திருத்தச் செய்தேன். மீதி அத்தனையும் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்) ஹே. தாட்சாயிணி