பூதத்தானுக்கு ஜாமீன் நின்ற ஆள்

– ஒளியாதலே. பனைக்குப் பின்னால ஒன் வேட்டி தெரியுது. போலீசு இல்ல, ஒங்க அக்காதான். வெளிய வா.

– யக்கா! நீ எப்படி இந்த உடன்குடிப் பக்கம்? நான் இங்கன கெடக்கேன்னு யாரு சொன்னா?

– இஸ்ரவேல் அண்ணாச்சிதான். அம்பாசமுத்திரம் சந்தைக்குக் கருப்பட்டி கொண்டாந்தாரு. 'எந்தம்பி பூதத்தானைக் கண்டியளா'ன்னுதான் கேட்டேன். 'எங்க விடிலிக் குடிசையில பதநி காய்ச்சிக்கிட்டு எவனும் ஒளிஞ்சிருக்கல'ன்னுட்டாரு, பாவம்.

– அந்த மனுசனுக்குப் பொய்யே வராது. விடுக்கா. உக்காரு. அடுப்புப் பக்கம் வேண்டாம், புகை கண்ணைக் கரிக்கும்.

– வயல்ல சேறு மிதிச்ச பயலுக்குப் பதநி காய்ச்சத் தெரியுமாலே?

– ரெண்டு தடவ தீய விட்டுட்டேன். அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல. அவுக வீட்டு எலிசபெத் அக்காதான் ஒரு பாட்டம் ஏசுனாக.

– நல்லா ஏசட்டும், எனக்கு மிச்சம். கேட்டியா, வாய்தா அன்னைக்கு நான் கோர்ட்டு வராந்தாவுல இருந்தேன். டவாலி வாசல்ல வந்து ஒம் பேரைக் கூப்பிட்டாரு. ஒரு தடவ. ரெண்டு தடவ. மூணாந்தடவ கூப்பிடையில எனக்குத் தாங்கல. 'இங்கன இருக்கேன்யா'ன்னு எந்திரிச்சுட்டேன்.

– நீயா? பூதத்தான்னா?

– ஆமா. கோர்ட்டே சிரிச்சிட்டு. ஜட்ஜையா மட்டும் சிரிக்கல. பிடிவாரண்டு போட்டுட்டாரு.

– போடட்டும். விடுக்கா.

– என்னத்த விட? ஏம்லே வரல? அதை மட்டும் சொல்லு, கோட்டிக்காரா. பயமா?

– பயமில்ல. ஒண்ணு கேக்கேன். முறைத்தண்ணிக்கு ஆளு வரலன்னா என்னாவும்?

– அடுத்த வயக்காரன் மடையத் தொறந்துக்கிடுவான். நம்ம முறை தாண்டிப் போயிரும்.

– அதேதான். நான் போவலன்னா கேசும் அப்படித் தாண்டிப் போயிரும்னு நெனச்சேன். நீதான மொத சாட்சி. கூண்டுல ஏறி அத்தான் ஒன்னைய அடிச்சதையும் சொல்லணும், நான் அவரை வெட்டுனதையும் சொல்லணும். எதைச் சொல்லிட்டு நீ எந்த வீட்டுக்குப் போவ?

– இதுக்காவாலே வரல?

– வேற எதுக்கு?

– கிட்ட வா. குனி. தலையெல்லாம் சாம்பலு. அம்மை இருந்தா இந்தக் கோலத்தைப் பாத்துட்டு ஒன்னைய விட்டுட்டு என்னையில்லா ஏசுவா. பசிக்கா? புளிச்சோறு கொண்டாந்திருக்கேன். தின்னுக்கிட்டே கேளு.

– அத்தான் இப்ப அடிக்காரா?

– கையத் தூக்க முடிஞ்சால்லா அடிக்க.

– சிரிக்காதக்கா. அன்னைக்கு ஒன் தலைமயிரைச் சுத்திப் பிடிச்சிருந்தாரு. அந்தக் கையத் தட்டி விடணும்னுதான் ஓடியாந்தேன். அறுப்புல இருந்து அப்படியே வந்தவன், கையில அருவா இருக்கதே மறந்து போச்சு.

– தெரியும்லே. அதைத்தான் நான் கூண்டுல ஏறிச் சொல்லப் போறேன். எந்த வீட்டுக்குப் போவன்னு எனக்குத் தெரியும். நீ கவலப்படாத.

– நீ சொல்லவும் வேண்டாம், நான் வரவும் வேண்டாம்.

– கேசு தாண்டிப் போவாதாம்லே. நீ வாரது வரைக்கும் அங்கனயே கெடக்குமாம். நீயாப் போயி நின்னா வாரண்ட ரத்து பண்ணச் சொல்லிக் கேப்பேன்னு வக்கீலு சொல்லுதாரு. போலீசு பிடிச்சாந்தா கஷ்டமாம்.

– பிடிச்சா பாளையங்கோட்டை செயிலு. அங்கயும் சோறுதான போடுதான்.

– ஒன் ஒருத்தன் வயித்தோட போச்சா? ஒனக்கு ஜாமீன் நின்னவுகளுக்கு நோட்டீஸ் வந்துட்டு. நாளைக்குக் காலையில கோர்ட்டு கூடுதப்ப ஒன்னையக் கொண்டாந்து நிறுத்தணும். இல்லன்னா நெலம் போயிரும். அதுக்கும் மேல உள்ள வச்சாலும் வச்சிருவாகளாம்.

– அது வக்கீலு பிடிச்சாந்த ஆளுதானக்கா? அவனுக்கு இதே பொழப்பு. எத்தன களவாணிக்குக் கையெழுத்துப் போட்டானோ.

– அப்படியா நெனச்சிருக்க?

– பெறவு? நான் செயிலுக்குள்ள கெடந்தேன், யாரக் கண்டேன்? விடுக்கா, அவனுக்குத் தெரியாத கோர்ட்டா.

– ஒனக்கு ஜாமீன் நிக்கத்தான் அவுக மொதமொதல்ல கோர்ட்டு வாசப்படியே மிதிச்சாக. வாய்தா அன்னைக்கும் எங்கூட வந்தாக. டவாலி சத்தம் போட்டதுல எங் கையப் பிடிச்சவுக, பஸ்சை விட்டு எறங்குத வரைக்கும் விடல.

– நம்ம ஊரு ஆளாக்கா?

– தின்னு முடி. திருச்செந்தூர்ல இருந்து வார கட்டபொம்மன் பஸ்சை விட்டுட்டா இன்னைக்கு ஊரு போய்ச் சேர முடியாது.

– யாருன்னு சொல்லு.

– சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா.

– இருக்காளா? பொம்பளையா? நம்ம வகையறாவுல நெலம் வச்சிருக்க பொம்பள எவ இருக்கா?

– நம்ம வகையறா இல்ல.

– அப்ப எனக்கு எதுக்கு நிக்கணும்? நீ சொன்னாத்தான் எந்திரிப்பேன்.

– எங்க மாமியாருலே. நீ வெட்டுன கைக்கு மருந்து வச்சுக் கட்டிட்டு, மகங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எந்திரிச்சு வந்து ஒனக்குக் கைரேகை வச்சா.